ஓட்டுநர் இருக்கையில் கைபேசி: எந்தத் தொழில்நுட்பம் உண்மையில் கவனத்தைக் காக்கும்?

சென்ற மாதம் என் தம்பி ஓட்டிய காரில், அவன் பக்கத்து இருக்கையில் அமர்ந்து நாற்பது நிமிடம் பயணம் செய்தேன். அவன் பதற்றமில்லாமல் ஓட்டுபவன். ஓட்டும்போது கைபேசியைக் கையில் எடுக்க மாட்டான், அன்றும் எடுக்கவில்லை. கைபேசி டேஷ்போர்டின் மேல் ஒரு ஹோல்டரில் நின்றது, திரையில் வழிகாட்டும் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் திரையின் மேல்விளிம்பில் செய்தி ஒன்று வந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அவன் கண்கள் சாலையை விட்டு அங்கே போய்த் திரும்பின. எண்ணத் தொடங்கிய நான் பதினொன்றில் நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அந்தப் பதினொன்றாவது முறை, முன்னால் போன லாரியின் பிரேக் விளக்கு எரிந்ததை நான் பார்த்த பிறகுதான் அவன் பார்த்தான். விபத்து எதுவும் நேரவில்லை. வண்டியை நிறுத்திய பிறகு சொன்னபோது, "நான் எதையும் படிக்கவே இல்லையே அண்ணா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. தான் பார்த்தது அவனுக்கே தெரிந்திருக்கவில்லை.

அன்றிரவு முதல், இதற்குக் கைபேசியிலேயே இருக்கும் தீர்வுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். கைபேசியில் உள்ளமைந்த ஓட்டுநர் பயன்முறை, காரின் திரையில் கைபேசியைக் காட்டும் கார்பிளே மற்றும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஓட்டும் விதத்துக்கு மதிப்பெண் போடும் செயலிகள், பெற்றோரோ நிறுவனமோ வெளியிலிருந்து பூட்டும் ஏற்பாடுகள் என நான்கு வழிகள் இருக்கின்றன. விளம்பரங்களில் நான்கும் ஒரே நோக்கத்துக்கானவை போலத் தோன்றினாலும், அவை செய்யும் வேலைகள் முற்றிலும் வேறானவை. ஒன்று கைபேசியின் வாயை அடைக்கிறது, ஒன்று கைபேசியை வேறு இடத்துக்கு மாற்றுகிறது, ஒன்று நடந்து முடிந்ததைச் சுட்டிக்காட்டுகிறது, மற்றொன்று சாவியை வேறொருவர் கையில் கொடுக்கிறது.

எதைக் கொண்டு அளப்பது?

கவனச்சிதறல் மூன்று வழியாக நேர்கிறது: கண் சாலையை விட்டு விலகுவது, கை ஸ்டீயரிங்கை விட்டு விலகுவது, மனம் ஓட்டும் வேலையை விட்டு விலகுவது. குறுஞ்செய்தி தட்டச்சு செய்வதில் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒரு செய்தியைப் படிக்கவோ அனுப்பவோ ஏறத்தாழ 5 விநாடிகள் கண் சாலையில் இருப்பதில்லை என்று அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கூறுகிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அந்த 5 விநாடிகளில் 125 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். வர்ஜீனியா டெக் போக்குவரத்து நிறுவனம் 2009-ல் கனரக வாகன ஓட்டுநர்களைக் கேமரா வைத்துக் கவனித்து வெளியிட்ட ஆய்வில், செய்தி தட்டச்சு செய்யும்போது விபத்தோ விபத்தின் விளிம்பு வரை சென்ற நிகழ்வோ நேரும் வாய்ப்பு 23 மடங்காக இருந்தது.

கண்ணையும் கையையும் விடுவித்துவிட்டால் போதும், மனத்தால் பெரிய தீங்கு இல்லை என்று பலர் நம்புகிறார்கள். ஹேண்ட்ஸ் ஃப்ரீ கருவிகள் விற்பனையாவதே அந்த நம்பிக்கையின் மேல்தான். ஆனால் டொரன்டோவில் 699 ஓட்டுநர்களின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 1997-ல் வெளியான ஆய்வும், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் விபத்துக்குப் பின் மருத்துவமனைக்கு வந்த ஓட்டுநர்களை ஆராய்ந்து 2005-ல் வெளியான ஆய்வும், பேசிக்கொண்டே ஓட்டும்போது விபத்து வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்ற ஒரே முடிவுக்கு வந்தன. கையில் பிடிக்காமல் பேசினால் ஆபத்து குறைகிறது என்பதற்கான சான்று அவ்விரண்டிலுமே கிடைக்கவில்லை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் ஒப்பீட்டில் பாதி வேலை முடிந்துவிடும். ஒரு தீர்வு உங்கள் கையை மட்டும் விடுவித்துவிட்டு, மனத்தைப் பேச்சிலும் செய்தியிலும் கட்டிவைக்கிறது என்றால், அதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்வதற்கில்லை. வசதி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆகவே ஒவ்வொரு தீர்வையும் நான் மூன்று கேள்விகளால் பார்த்தேன். அது தானாகத் தொடங்குகிறதா, அல்லது நான் நினைவு வைத்துத் தொடங்க வேண்டுமா? வண்டி ஓடும்போது அது என்னிடம் எதையாவது கேட்கிறதா? என்னை அழைப்பவருக்கு அது என்ன சொல்கிறது? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. கைபேசியை நோக்கி நம்மை இழுப்பது ஒலி மட்டுமன்று. மறுமுனையில் ஒருவர் காத்திருக்கிறாரே, பதில் சொல்லாவிட்டால் தவறாக நினைப்பாரே என்ற உறுத்தலும்தான் என்பது என் உறுதியான கருத்து.

உள்ளமைந்த ஓட்டுநர் பயன்முறை

ஆப்பிள் நிறுவனம் 2017-ல் ஐஓஎஸ் 11 உடன் ஓட்டும்போது தொந்தரவு செய்யாத வசதியைக் கொண்டுவந்தது. 2021-ல் ஐஓஎஸ் 15 வந்தபோது அது டிரைவிங் ஃபோகஸ் என்ற பெயரில் விரிவடைந்தது. கூகுளின் பிக்சல் கைபேசிகளிலும், சாம்சங்கின் மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ் பகுதியிலும் இதற்கு இணையான அமைப்புகள் உண்டு. மற்ற ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பெயரும் இடமும் மாறுகின்றன; சிலவற்றில் இந்த வசதியே இருப்பதில்லை.

ஐபோனில் இது தொடங்குவதற்கான வழியைத் தேர்ந்தெடுக்கும் திரைதான் முக்கியமானது. நகர்வை உணர்ந்து தானாகத் தொடங்குவது, காரின் புளூடூத்துடன் இணைந்ததும் தொடங்குவது, கையால் தொடங்குவது, கார்பிளே இணையும்போது தொடங்குவது எனத் தேர்வுகள் இருக்கின்றன. நகர்வை உணரும் தேர்வில் ஒரு சிக்கல் உண்டு. கைபேசிக்கு வேகம் தெரியும், நாம் எந்த இருக்கையில் இருக்கிறோம் என்பது தெரியாது. ரயிலிலும் பேருந்திலும் போகும்போதும் அது நம்மை ஓட்டுநர் என்றே எண்ணிவிடும். நான் ஓட்டவில்லை என்று தெரிவிக்கத் திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதைத் தொட்டால் போதும். ஆனால் அதே பொத்தானை ஓட்டுநரும் தொட முடியும் என்பதை மறைத்துப் பயனில்லை. சொந்தமாகக் கார் வைத்திருப்பவருக்குப் புளூடூத் தேர்வே சரியானது: காரைக் கிளப்பியதும் கைபேசி அடங்குகிறது, அணைத்து இறங்கியதும் விடுபடுகிறது, இடையில் நம்மை எதுவும் கேட்பதில்லை.

இந்தப் பயன்முறையின் உண்மையான பலம் அதன் தானியங்கிப் பதிலில் இருக்கிறது. செய்தி அனுப்புபவருக்கு, இவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார், சேருமிடம் சென்றதும் பார்ப்பார் என்று கைபேசியே எழுதிவிடுகிறது. அவசரமானால் 'அர்ஜென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் திருப்பி அனுப்பினால் அந்தச் செய்தி மட்டும் தடையைத் தாண்டி வரும். யாருக்குப் பதில் போக வேண்டும் என்பதையும் நாமே வரையறுக்கலாம். நான் இதைத் தொடங்கிய முதல் வாரத்தில் கவனித்தது ஒன்று: செய்திகள் வராமல் போனதைவிட, பதில் போய்விட்டது என்ற நினைப்புதான் மனத்தை அமைதிப்படுத்தியது. காத்திருப்பவருக்குக் காரணம் தெரிந்துவிட்ட பிறகு, நம்முடைய உறுத்தலுக்கு வேலையில்லை.

இதில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. அந்தப் பதில் கைபேசியின் மெசேஜஸ் செயலிக்கு வரும் செய்திகளுக்குத்தான் போகும். வாட்ஸ்அப்பில் எழுதுபவருக்குப் போகாது. நம்மில் பலருக்கு நாள் முழுவதும் வரும் செய்திகளில் பெரும்பகுதி வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. அங்கே அறிவிப்பு அடங்கிவிடும், ஆனால் எழுதியவருக்குக் காரணம் தெரியாது. ஆகவே அடிக்கடி எழுதும் நான்கைந்து பேரிடம் நாமே வாய்விட்டுச் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு நல்ல வசதியை ஏன் பலரும் பயன்படுத்துவதில்லை? அது முதலிலேயே இயங்கும் நிலையில் தரப்படாததே காரணம். ஐபோனில் இது வந்த பின்னர் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பில், தகுதியுள்ள ஐபோன் வைத்திருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் இதைத் தானாக இயங்கும்படி வைத்திருந்தார். கலிஃபோர்னியாவின் மௌண்டன் வியூ பகுதியில் 2018 மார்ச்சில் நடந்த விபத்தில், தானியங்கி ஓட்டு உதவியை நம்பிச் சென்ற ஓட்டுநரின் கைபேசியில் விளையாட்டு ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அதை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ஓட்டும்போது கவனத்தைச் சிதறடிக்கும் செயல்பாடுகளைப் பூட்டும் வசதியை எல்லாக் கைபேசிகளிலும் இயல்பிலேயே இயங்கும்படி வைக்க வேண்டும் என்று 2020-ல் கைபேசி நிறுவனங்களுக்குப் பரிந்துரைத்தது. அது இன்றும் நம் கையில் விடப்பட்ட தேர்வாகவே இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும். வேண்டும் என்பவர்தான் தேடிப் போய்த் தொடங்க வேண்டும் என்ற நிலை உயிர் சார்ந்த ஒன்றில் இருக்கக் கூடாது.

காரின் திரைக்கு மாறும் கைபேசி

ஆப்பிளின் கார்பிளே 2014-லும் கூகுளின் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015-லும் கார்களுக்கு வந்தன. கைபேசியின் சிறு திரைக்குப் பதிலாக, காரின் பெரிய திரையில், பெரிய குறியீடுகளுடன், ஓட்டுநருக்கு ஒத்துவரும் சில செயலிகள் மட்டும் தோன்றுகின்றன. செய்திகளை எழுத்தாகக் காட்டாமல் குரலில் படித்துச் சொல்வது இவற்றின் நல்ல அம்சம். கம்பியின்றி இணையும் வண்டிகளில் கைபேசி பையிலேயே இருக்கலாம். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ-வின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகத்தினர் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், வாகனத் தயாரிப்பாளர்களின் சொந்தத் திரை அமைப்புகளோடு ஒப்பிட்டால், இவை வழியாக அழைப்பு விடுக்கும் நேரம் சராசரியாக 24 சதவீதமும், சேருமிடத்தைப் பதிவு செய்யும் நேரம் 31 சதவீதமும் குறைந்தன. காரோடு வரும் குழப்பமான திரையைவிட இவை மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அந்த ஒப்பீடு காரின் திரையோடு செய்தது. நாம் கேட்க வேண்டியது, சும்மா இருப்பதோடு ஒப்பிட்டால் என்ன என்பதே. பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வு நிறுவனமான டிஆர்எல், ஐஏஎம் ரோடுஸ்மார்ட் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்புக்காக நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை தருகிறது. நிஜச் சாலை போலவே அமைத்த சிமுலேட்டர் கருவியில் ஓட்டியவர்கள் தொடுதல் வழியாகக் கார்பிளேயைப் பயன்படுத்தியபோது எதிர்வினை நேரம் 57 சதவீதமும், ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 சதவீதமும் நீண்டது. குரல் வழியாகப் பயன்படுத்தியபோதும் முறையே 36, 30 சதவீதம் நீண்டது. முந்தைய ஆய்வுகளில், சட்டம் அனுமதிக்கும் எல்லை வரை மது அருந்தியவருக்கு அது 12 சதவீதமாகவும், செய்தி தட்டச்சு செய்தவருக்கு 35 சதவீதமாகவும் இருந்ததை அந்த அறிக்கையே அருகில் வைத்துக் காட்டுகிறது. வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை ஒரே தராசில் வைப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியிருந்தும், ஒரு பாட்டைத் தேடித் திரையில் விரலை நகர்த்துவது தீங்கற்றது என்று இதற்குப் பிறகு என்னால் நம்ப முடியவில்லை.

குரல் கட்டளைக்கும் ஒரு விலை உண்டு. ஏஏஏ அறக்கட்டளையின் 2015 ஆய்வில், குரல் கட்டளையை முடித்த பிறகும் மனம் முழுமையாகச் சாலைக்குத் திரும்ப அதிகபட்சம் 27 விநாடிகள் வரை ஆனது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 300 மீட்டர். பேசி முடித்தாயிற்று, கண் சாலையில்தான் இருக்கிறது, கை ஸ்டீயரிங்கில்தான் இருக்கிறது. இருந்தும் குறுக்கே வரும் குழந்தையை மனம் கண்டுகொள்ளத் தாமதிக்கிறது.

என் முடிவு இதுதான்: கார்பிளேயையோ ஆண்ட்ராய்டு ஆட்டோவையோ வைத்திருப்பவர் அதை வரைபடம் காட்டும் பலகையாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். சேருமிடத்தையும் பாட்டு வரிசையையும் வண்டி நகரும் முன்பே பதிந்துவிட்டு, அதோடு ஓட்டுநர் பயன்முறையையும் சேர்த்து இயக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் என்றால், ஓட்டுநர் பயன்முறைக்கே என் வாக்கு.

மதிப்பெண் போடும் செயலிகள்

வாகனக் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் செயலிகள், கைபேசியின் ஜிபிஎஸ், வேக மாற்றத்தை உணரும் முடுக்கமானி, திரும்புவதை உணரும் சுழற்சிமானி ஆகியவற்றைக் கொண்டு வேகம், திடீர்ப் பிரேக், ஓட்டும்போது கைபேசி கையில் எடுக்கப்பட்டதா என்பவற்றைக் கணித்து மதிப்பெண் தருகின்றன. நல்ல மதிப்பெண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் சலுகை கிடைக்கும். இவை எதையும் தடுப்பதில்லை, பிறகு சொல்கின்றன. வெறும் தகவல் மட்டும் ஒருவரை மாற்றுமா என்பதை அமெரிக்காவில் காப்பீட்டு வாடிக்கையாளர்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் கைபேசியைத் தொட்டீர்கள் என்று காட்டியதால் மட்டும் பெரிய மாற்றம் வரவில்லை. அதோடு பணப் பரிசையும் இணைத்தபோது பயன்பாடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சலுகை உண்மையாகவே பெறுமானம் உள்ளதாக இருந்தால் இது பயனுள்ள துணை. இல்லையென்றால், எங்கே எப்போது போனோம் என்ற விவரம் முழுவதையும் கொடுத்துவிட்டு ஓர் எண்ணை வாங்கிக்கொள்வதாகவே முடியும். பக்கத்து இருக்கையில் இருந்தபோது தொட்டதையும் ஓட்டுநர் கணக்கில் எழுதிவிடும் பிழையும் இவற்றில் உண்டு. தான் மேலும் ஒழுங்காக வேண்டும் என்று ஏற்கெனவே விரும்புபவருக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

வெளியிலிருந்து பூட்டுவது

புதிதாக ஓட்டக் கற்ற பிள்ளைகளுக்கும், நிறுவன வாகன ஓட்டுநர்களுக்கும் நான்காவது வழி பேசப்படுகிறது. வண்டியில் பொருத்தப்படும் சிறு புளூடூத் கருவியோடு இணைந்து, வண்டி நகரும்போது கைபேசியின் செயலிகளை அது பூட்டுகிறது. தன்விருப்பத்தை நம்பாமல் இயங்குவது இதன் பலம். ஆனால் மற்ற செயலிகளைப் பூட்ட வெளிச்செயலிகளுக்கு ஐபோனில் கிடைக்கும் இடம் குறைவு. ஆண்ட்ராய்டில் இடம் அதிகம், செயலியையே அகற்றிவிடும் வழியும் அங்கே இருக்கிறது. பிள்ளைக்குத் தெரியாமல் இதைப் பொருத்துவது தவறு என்றே நினைக்கிறேன். சேர்ந்து அமர்ந்து, ஓட்டத் தொடங்கும் முதல் ஆண்டுக்கு மட்டும் என்று பேசி வைத்தால் நிற்கும்.

வேலைக்காக ஓட்டுபவரின் நிலைதான் கடினமானது. பொருள் கொண்டு சேர்ப்பவருக்கும் வாடகைக் கார் ஓட்டுபவருக்கும் கைபேசிதான் வேலை. அடுத்த ஆணை அதில்தான் வருகிறது, சில விநாடிகளில் ஏற்காவிட்டால் கைமாறிப் போகிறது. அவரிடம் கைபேசியைப் பார்க்காதே என்று சொல்வது, வேலை செய்யாதே என்று சொல்வதற்குச் சமம். அங்கே மாற வேண்டியது செயலியை நடத்தும் நிறுவனம். வண்டி ஓடும்போது ஆணையைக் காட்டாமல், நின்ற பிறகு காட்டும்படி அமைப்பது தொழில்நுட்பத்துக்குச் சிறிய வேலை, ஏனென்றால் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பது அந்தச் செயலிக்கு ஏற்கெனவே தெரியும்.

இருசக்கர வண்டி ஓட்டுபவருக்கு மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. இணைவதற்குப் பெரும்பாலும் வண்டியில் புளூடூத் இருப்பதில்லை. ஆகவே நகர்வை உணரும் தேர்வையோ, கிளம்பும் முன் கையால் இயக்குவதையோதான் நம்ப வேண்டும். ஹேண்டிலில் கைபேசியைப் பொருத்தினால், அதிரும் சிறு திரையைப் பார்க்கத் தலையையே குனிய வேண்டியிருக்கிறது. வழி தெரியாத இடமென்றால் குரல் வழிகாட்டலை ஒரு காதில் குறைந்த ஒலியில் கேட்டுக்கொண்டு, கைபேசியைச் சட்டைப் பையில் போட்டு மூடிவிடுவதே இருப்பதில் நல்லது. ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் இடையில் கைபேசியைச் செருகிப் பேசிக்கொண்டு போவதைத் தீர்வுகளில் ஒன்றாகக்கூட நான் கணக்கில் எடுக்கவில்லை.

தம்பிக்குச் செய்து கொடுத்தது

நிறுத்தியிருந்த காரில் பத்து நிமிடம் ஆனது. ஓட்டுநர் பயன்முறையைக் காரின் புளூடூத்தோடு பிணைத்தோம். தானியங்கிப் பதிலை அவனுடைய தொடர்புகள் எல்லோருக்கும் போகும்படி வைத்து, அதன் வாசகத்தைத் தமிழில் எழுதினோம். அம்மாவின் எண்ணையும் அவன் மனைவியின் எண்ணையும் மட்டும் அழைப்பு வரலாம் என்ற பட்டியலில் சேர்த்தோம். அழைப்பு வந்தால் ஓரமாக நிறுத்திய பிறகே எடுப்பது என்பது எங்களுக்குள் பேச்சு. கடைசியாக ஹோல்டரை டேஷ்போர்டிலிருந்து கழற்றினோம். வரைபடம் இனி காரின் திரையில் வரும், கைபேசி பின் இருக்கையில் இருக்கும் பையில் கிடக்கும். அவன் தயங்கியது அந்த ஹோல்டரைக் கழற்றும்போது மட்டும்தான்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். கைபேசியின் மென்பொருள் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்ட பிறகு, அமைப்புகள் பழையபடியே இருக்கின்றனவா என்று ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். வேறொருவர் வண்டியையோ வாடகை வண்டியையோ ஓட்ட நேர்ந்தால், அந்த வண்டியின் புளூடூத்தை நம் கைபேசிக்குத் தெரியாது, பயன்முறை தானாகத் தொடங்காது. சாவியைத் திருகும் முன் கையால் இயக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.